பத்திரத்தில் இல்லாத ஐந்தாவது எல்லை

ஈக்காட்டுத்தாங்கலில் உள்ள எங்கள் வீட்டின் கிரயப் பத்திரம் 1974-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் தாள்களில் இன்று இரண்டு நிறங்கள் இருக்கின்றன. மேல்பாதி பழுப்பு, கீழ்ப்பாதி சேற்றின் நிறம். 2015 டிசம்பர் 2-ஆம் நாள் அதிகாலையில் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தபோது, இரும்பு பீரோவின் நடுத்தட்டில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்த பத்திரம் பாதியளவு நனைந்தது. தண்ணீர் வடிந்தபின் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மொட்டை மாடியில் செங்கல் பாரம் வைத்துக் காயவைத்தோம்.

அப்போதுதான் அந்தப் பத்திரத்தை முதன்முறையாக முழுமையாகப் படித்தேன். கிழக்கே இன்னாருடைய மனை, மேற்கே இன்னாருடைய வீடு, வடக்கே இருபதடிச் சாலை, தெற்கே காலி மனை என்று செக்குபந்தி எழுதப்பட்டிருந்தது. நீளமும் அகலமும் அடிக்கணக்கில் இருந்தன. மொத்தம் ஒரு கிரவுண்டு. அதாவது 2,400 சதுர அடி. உயரத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை. மனை கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஆற்றங்கரைக்கு மேலா கீழா, மழைநீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்து எந்தப் பக்கமாகப் போகும் என்பன எவையும் அதில் இல்லை. நான்கு எல்லைகளைத் துல்லியமாகக் குறித்த ஆவணம், நீரின் எல்லையாகிய ஐந்தாவது எல்லையைக் குறிக்கவில்லை. இன்று பதிவாகும் பத்திரங்களும் குறிப்பதில்லை.

பெயரிலேயே நீர்நிலை

இத்தனைக்கும் எங்கள் ஊரின் பெயரே அந்த எல்லையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. தாங்கல் என்பது பாசனத்துக்கான ஏரியைக் குறிக்கும் சொல். தொண்டை மண்டலத்தில் மழைநீரைத் தாங்கி நின்ற சிறிய நீர்நிலைகள் பலவற்றுக்கு இப்பெயர் உண்டு. பழவந்தாங்கலும் ஈக்காட்டுத்தாங்கலும் அந்த வழக்கின் எச்சங்கள். சென்னையில் பெயர் நிற்க நீர் மறைந்த இடங்கள் பல. மேற்கு மாம்பலத்தின் ஏரிக்கரைச் சாலையில் இன்று ஏரி இல்லை. 1920-களில் தியாகராய நகரை அமைப்பதற்காக அந்த ஏரி தூர்க்கப்பட்டது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். தாழ்வான நிலத்தை மேடாக்கி வீடு கட்டுவது இந்த நகரத்தின் நூறாண்டுப் பழக்கம்.

ஈக்காட்டுத்தாங்கல் குடியிருப்பாக வளர்ந்ததற்குக் கிண்டித் தொழிற்பேட்டையே முதன்மைக் காரணம். 1958-இல் தொடங்கப்பட்ட அத்தொழிற்பேட்டை, கடைசல் பட்டறைகளையும் வார்ப்பாலைகளையும் சிறு உதிரிபாகத் தொழிற்கூடங்களையும் கொண்டுவந்தது. அவற்றில் வேலை பார்த்தவர்கள் சைக்கிளில் போய்வரும் தூரத்தில் மனை தேடினார்கள். கடைசல் பட்டறையில் வேலை பார்த்த என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். மனை வாங்கிய இரண்டாம் ஆண்டு, 1976-இல் அடையாற்றில் பெருவெள்ளம் வந்தது. அப்போது எங்களிடம் இருந்தது வெற்று மனைதான். தண்ணீர் எதுவரை நின்றது என்பதை அவர் நேரில் போய்ப் பார்த்து வந்தார். மறு ஆண்டு வீடு கட்டத் தொடங்கியபோது, சாலையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு அடித்தளம் வேண்டும் என்று கொத்தனாரிடம் பிடிவாதமாகச் சொன்னார். வாசலில் ஐந்து படிகள் வைத்தோம். பின்புறம் ஒரு கிணறு, இரண்டு தென்னை, ஒரு மா, வேலியோரம் முருங்கை. அன்றைய நடுத்தரக் குடும்பம் ஒன்றின் கனவு ஏறத்தாழ அவ்வளவுதான்.

என் தந்தையாரின் அந்த அறிவு எந்த ஆவணத்திலும் ஏறவில்லை. ஐந்து படிகளாக மட்டுமே நின்றது. அந்தப் படிகளையும் காலம் விட்டுவைக்கவில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேல் புதிய தார் போடுவது நெடுங்காலமாக வழக்கமாக இருந்தது. ஒவ்வொரு முறை சாலை போட்டபோதும் ஒரு படியின் பாதி மண்ணுக்குள் போனது. 2015-இல் எங்களிடம் மிஞ்சியது ஒரே படி. பழைய சாலையைச் சுரண்டியெடுத்த பின்னரே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலர் அறிவுறுத்தினார். நல்ல அறிவுரை. ஆனால் அதற்குள் நகரின் பழைய வீடுகள் பல தெருவைவிடத் தாழ்ந்துவிட்டன. வீட்டையே ஜாக்கிகளின் மேல் ஏற்றி மூன்று, நான்கு அடி உயர்த்தித் தருவது இன்று சென்னையில் ஒரு தொழில். பக்கத்துத் தெருவில் அப்படி ஒரு வீடு அங்குலம் அங்குலமாக எழுந்ததை நானே பார்த்தேன். அது எழுந்தபின் அங்கே தேங்கிவந்த நீர் அடுத்த வீட்டுக்குப் போனது.

ஆறு வீட்டுக்கு வரும் வழி

அடையாறு ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீளமுள்ள சிறிய ஆறு. ஆதனூர், மணிமங்கலம் பகுதி ஏரிகளின் உபரிநீரைச் சேர்த்துக்கொண்டு வந்து, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரையும் பெறுகிறது. மணப்பாக்கம், நந்தம்பாக்கம் வழியாக வந்து, வடகரையில் ஜாபர்கான்பேட்டையும் தென்கரையில் ஈக்காட்டுத்தாங்கலுமாகப் பிரித்து, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் கடந்து பட்டினப்பாக்கம் அருகே கடலை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அது ஓர் ஆறு என்பதே நினைவில் இருக்காது. 1976, 1985, 2005, 2015 ஆகிய ஆண்டுகளில் அது தன்னை நினைவூட்டியது.

2015 டிசம்பர் 1-ஆம் நாள் காலை தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். 49 சென்டிமீட்டர் மழை என்றால், ஒரு கிரவுண்டு மனையின் மேல் மட்டும் ஒரே நாளில் விழும் நீர் ஏறத்தாழ 1,09,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஒன்பது. முந்தைய மாத மழையிலேயே ஏரிகள் நிரம்பியிருந்தன. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட்டது; கீழ்ப்பகுதி ஏரிகளின் உபரிநீரும் ஆற்றில் சேர்ந்தது. 2018-இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, இதை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறிப்பிட்டது.

ஆறு கரையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வரும் என்று நாம் நினைக்கிறோம். எங்கள் தெருவுக்கு அது முதலில் வந்த வழி மழைநீர் வடிகால். தெருவின் நீரை ஆற்றுக்குக் கொண்டுபோக அமைக்கப்பட்ட வடிகால், ஆற்றின் நீர்மட்டம் தெருவைவிட உயர்ந்ததும் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கிவிடும். நள்ளிரவுக்குப் பின் வடிகால் மூடியின் துளைகளில் நீர் குமிழியிட்டது. அடுத்து ஒரே படி மூழ்கியது. பின்னர் கழிவறைக் குழாய் வழியாக உள்ளே நீர் எழுந்தது. கீழ்வீட்டில் அப்போது இருந்தவர்கள் நாங்களே. என் தாயாரை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனோம். விடிந்தபோது கூடத்துச் சுவரில் தண்ணீர் 4 அடி 7 அங்குல உயரத்தில் நின்றது. பின்னர் நானே அளந்து பென்சிலால் கோடிட்டேன்.

அதே 2015-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள்தான் கோயம்பேடு–ஆலந்தூர் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. ஈக்காட்டுத்தாங்கலுக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. மனை விலை ஏறும் என்று தெருவே மகிழ்ந்தது. ஐந்து மாதங்களில் வெள்ளம் வந்தது. இரண்டில் எது விலையை நிர்ணயித்தது என்று கேட்டால், மெட்ரோதான். ரயில் நிலையம் விளம்பரப் பலகைகளில் இடம்பெறுகிறது. வெள்ளம் எந்தப் பலகையிலும் இடம்பெறவில்லை.

நான் சொன்ன பொய்

என் தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2017-இல் கீழ்வீட்டைப் புதுப்பித்து வாடகைக்கு விட்டோம். பார்க்க வந்த இளம் தம்பதியர் சமையலறையையும் குளியலறையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, சென்னையில் வீடு தேடும் எவரும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்கள்: “மழை வந்தா தண்ணி நிக்குமா, சார்?” புதிதாக வெள்ளையடித்த சுவரில் என் பென்சில் கோடு மறைந்திருந்தது. “ஒரே ஒரு தடவைதாம்மா, ஊருக்கே வந்துச்சு” என்றேன். முழுப் பொய் என்று அதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் 2005-இல் முற்றம் வரை வந்ததையும், வடிகால் எதிர்த்து ஓடுவதையும், கழிவறைக் குழாயையும் நான் சொல்லவில்லை. அந்தப் பெண் அப்போது கருவுற்றிருந்தார். அவர்கள் இருந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு நவம்பரும் நான் உறக்கமில்லாமல் கழித்தேன். வெள்ளம் வரவில்லை. அது மழையின் கருணை. என் நேர்மைக்கு அதில் பங்கில்லை.

தெருவில் எவரைக் கேட்டாலும் இதே விடைதான் கிடைக்கும். தரகர் சொல்ல மாட்டார். அவருக்குத் தரகுக் கூலி போய்விடும். உரிமையாளர் சொல்ல மாட்டார், விலை போய்விடும். பக்கத்து வீட்டுக்காரரும் சொல்ல மாட்டார். அவருடைய வீட்டின் விலையும் இதனோடு கட்டுண்டது. வாங்குபவர் முப்பது ஆண்டு வில்லங்கம் பார்க்கிறார். மூலப் பத்திரம் பார்க்கிறார். வழக்குரைஞரிடம் கருத்துரை பெறுகிறார். வங்கியும் தன் பங்குக்குப் பார்க்கிறது. நிலத்தின் மேல் உள்ள கடன், அடமானம், பாகப்பிரிவினை அனைத்தும் வில்லங்கச் சான்றிதழில் வந்துவிடும். அந்த நிலத்தின் மேல் ஆற்றுக்கு உள்ள பாத்தியதை மட்டும் வராது.

பிரிஸ்பேனிலிருந்து வந்த தாள்

என் தங்கையின் மகன் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குடும்பத்தோடு வசிக்கிறான். அங்கே புறநகர் ஒன்றில் தோட்டத்தோடு கூடிய பழைய வீடு ஒன்றை அவன் பார்த்தபோது, வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு கோப்பை அனுப்பி, “மாமா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க, வாங்கலாமா?” என்று கேட்டான். பிரிஸ்பேன் மாநகராட்சி அளிக்கும் ‘ஃபிளட்வைஸ்’ அறிக்கை அது. மாநகராட்சியின் இணையதளத்தில் வீட்டு முகவரியைக் கொடுத்தால் எவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அந்த மனையின் தாழ்ந்த புள்ளியும் உயர்ந்த புள்ளியும் எத்தனை மீட்டர் உயரத்தில் உள்ளன, வெள்ளம் வந்தால் ஆற்றிலிருந்தா, ஓடையிலிருந்தா, தரைமேல் வழியும் மழைநீராலா, எந்த அளவு வெள்ளத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்பனவெல்லாம் மீட்டர்க் கணக்கிலும் விழுக்காட்டிலும் இருந்தன.

விழுக்காட்டைப் புரிந்துகொள்வது முக்கியம். ஆண்டுக்கு 1 விழுக்காடு வாய்ப்புள்ள வெள்ளத்தை ‘நூறாண்டு வெள்ளம்’ என்கிறோம். ஒருமுறை வந்துவிட்டால் இன்னும் நூறாண்டுக்குக் கவலையில்லை என்று அதற்குப் பொருளன்று. ஒவ்வோர் ஆண்டும் அதே 1 விழுக்காடு வாய்ப்பு புதிதாகத் தொடங்குகிறது. 30 ஆண்டு வீட்டுக் கடன் அடையும் காலத்துக்குள் அது ஒருமுறையேனும் வர 26 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அதாவது நான்கில் ஒன்றுக்கும் சற்று மேல். இந்தக் கணக்கு தெரிந்த ஒருவர் வீட்டை வேண்டாம் என்று சொல்லலாம். விலையைக் குறைத்துக் கேட்கலாம். வாங்கிவிட்டுத் தரைத்தளத்தில் விலையுயர்ந்த பொருளை வைக்காமல் இருக்கலாம். எதுவானாலும் அது அவர் அறிந்து எடுத்த முடிவு.

பிரிஸ்பேன் இந்த அறிவைச் சும்மா பெற்றுவிடவில்லை. 1974-இல் அங்கே பெருவெள்ளம் வந்தது. அதன்பின் ஆற்றின் மேற்பகுதியில் விவன்ஹோ அணை கட்டப்பட்டது. குடிநீருக்கும் வெள்ளத் தடுப்புக்கும் ஒரே அணை. இனிப் பயமில்லை என்று மக்கள் நம்பிக் கரையோரம் வீடுகள் கட்டினார்கள். 2011 ஜனவரியில் மீண்டும் ஆயிரக்கணக்கான வீடுகள் மூழ்கின. அணை இயக்கப்பட்ட விதம் விசாரணை ஆணையம் வரையும் நீதிமன்றம் வரையும் போனது. 2022-இல் மறுபடியும் வெள்ளம் வந்தபோது, பெரும் ஆபத்திலுள்ள வீடுகளை உரிமையாளர் விரும்பினால் அரசே வாங்கி, அந்த நிலத்தில் இனி எவரும் குடியிராதபடி விட்டுவிடும் திட்டம் வந்தது. செம்பரம்பாக்கத்தை அறிந்த நமக்கு இக்கதையின் பாதி நன்கு தெரிந்ததே. மறுபாதிதான் நம்மிடம் இல்லை.

அங்கும் எல்லாம் செம்மையாக இல்லை. வீட்டை விற்பவர் வெள்ள வரலாற்றைத் தாமே சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை; வாங்குபவர்தான் தேடிப் படிக்க வேண்டும். ஆயினும் தேடினால் கிடைக்கிறது. என் மருமகன் பார்த்த வீடு, அப்பகுதியின் பழைய பாணியில் மரத்தூண்களின் மேல் நின்றது. கீழே காற்றும் நீரும் போக இடமிருந்தது. அதைப் பார்த்தபோது என் தந்தையாரின் ஐந்து படிகள் நினைவுக்கு வந்தன.

தெருவாரியாக ஒரு கணக்கு

எங்கள் தெருவிலும் இன்று வீடுகள் தூண்களின் மேல்தான் நிற்கின்றன; காரணம் வேறு. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடங்களில் மனைப் பரப்பைப்போல் இரு மடங்கு கட்டலாம். தனி வீடுகளை இடித்து, கீழே வாகன நிறுத்தமும் மேலே அடுக்ககமும் கட்டுகிறார்கள். தரைத்தளத்தில் எவரும் குடியில்லை என்பது நல்லதே. ஆனால் மதிலிலிருந்து மதில் வரை சிமென்ட் போட்டுவிடுகிறார்கள். கிணறும் மரங்களும் இருந்த மனை ஓரளவு மழையைக் குடித்தது. 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புக் குழிகள் பல வீடுகளில் மண்மூடிக் கிடக்கின்றன. ஒரு வீடு தன்னை உயர்த்திக்கொள்ளும்போதெல்லாம் தெரு தாழ்கிறது. வீடு தனியுடைமையாக இருக்கலாம். அது நிற்கும் மட்டம் பொதுவுடைமை.

கேட்பது பெரிய காரியமொன்றும் இல்லை. பத்திரப் பதிவுக்காகத் தெருவாரியாக வழிகாட்டி மதிப்பை நிர்ணயிக்க நம் அரசால் முடிகிறது. அதே தெருவின் நிலமட்டத்தையும், 2015-இல் அங்கு நீர் நின்ற உயரத்தையும் வெளியிட முடியாதா? சென்னைக்கென 2019-இலேயே வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது. தரவு அலுவலர்களிடம் இருக்கிறது. வீடு வாங்குபவரிடம் இல்லை. வில்லங்கச் சான்றிதழோடு ‘நீர் வில்லங்கம்’ என்று ஒரு பக்கத்தைப் பதிவுத்துறை சேர்க்கலாம். தரைத்தளத்தின் உயரத்தை, ஏறிக்கொண்டே போகும் சாலையிலிருந்து அளக்காமல் கடல் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும் என்று திட்ட அனுமதியில் விதிக்கலாம். மூன்றாவது முழுமைத் திட்டத்தைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் தயாரித்துவரும் இவ்வேளை இதற்கு உரியது.

விலை விழுந்துவிடும், நடுத்தரக் குடும்பங்களின் ஒரே சேமிப்பு கரைந்துவிடும் என்பார்கள். அந்த அச்சம் எனக்கும் உண்டு. எங்கள் குடும்பத்துக்கு இந்த மனையைத் தவிர வேறு சொத்து இல்லை. ஆனால் இன்று அந்த இழப்பு மறைந்துவிடவில்லை. தெரியாமல் வாங்குபவரின் தலையில் மாற்றி வைக்கப்படுகிறது. அவர் பெரும்பாலும் முதல் வீட்டுக்காகக் கடன் வாங்கும் இளைஞராகவோ, தரைத்தளத்தில் குறைந்த வாடகைக்குக் குடிவரும் தொழிலாளியாகவோ இருக்கிறார். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2015-க்குப் பின், வெள்ள அபாயத்தைக் காட்டி அடையாற்றங்கரைக் குடிசைவாசிகள் நகரின் தெற்கு ஓரத்தில் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அகற்றப்பட்டார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்துள்ள பெரும்பாக்கமும் மழைக்காலத்தில் மூழ்குகிறது. ஆற்றின் எல்லை எது என்று அரசுக்குத் தெரியாமல் இல்லை. பட்டா இல்லாதவர்களிடம் அதை உரக்கச் சொன்னோம். பட்டா உள்ளவர்களிடம் மௌனமாக இருந்துவிட்டோம்.

எங்கள் வீட்டையும் இடித்துக் கட்டக் கேட்டு ஒரு கட்டுநர் வந்திருக்கிறார். கூட்டு ஒப்பந்தம், எங்களுக்கு இரண்டு குடியிருப்புகள், அவருக்கு மற்றவை. ஒப்பந்த வரைவில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்டேன்: “2015 டிசம்பர் 2-ஆம் நாள் இம்மனையில் இருந்த வீட்டின் தரையிலிருந்து 4 அடி 7 அங்குலம் உயரத்துக்கு வெள்ளம் நின்றது.” என் தம்பி எதிர்த்தான். “ஏன் அண்ணா, நாமே நம்ம சொத்தைக் கெடுத்துக்கணுமா?” என்று கேட்டான். கட்டுநர் சிரித்தார். பத்திரம் எழுதுபவரிடம் கேட்டேன். இப்படி எவரும் எழுதியதில்லை என்றார். எழுதக் கூடாது என்று விதி உண்டா என்றேன். சற்று யோசித்துவிட்டு, அப்படியும் இல்லை என்றார்.

பேச்சு இன்னும் முடியவில்லை. அந்த வரி இல்லாமல் கையெழுத்திடுவதில்லை என்று இருக்கிறேன். இந்த மனையில் இனி வந்து குடியேறப் போகும் எவரோ ஒருவர், மழைக்கு முன்பாக அதைப் படித்துவிட வேண்டும்.